அண்ணாச்சிக்கு எனிமா கொடுத்த கதை

வெண்டலங்குளத்துத் தலைவர் சிவனணைஞ்ச பெருமாள் நாலைந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. மூன்று வேளையும் கறிச்சோறு, இடையிடையே அல்வா. தண்ணீர் மட்டும் அவருக்கு ஆகாது. வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் கோயில் கொடைத் திருவிழா. பரிவட்டம் கட்டிக்கொள்ள அவர்தான் குனிய வேண்டும். குனிந்தால் என்ன ஆகுமோ என்று அவருக்கே பயம்.

அவரைச் சுற்றி எப்போதும் மூன்று பேர்: டீக்கடை தளவாய், கொம்பையா, மாகாளி. அண்ணாச்சி தும்மினால் இவர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அன்றைக்கு அதையும் யாரோ வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “மலச்சிக்கல்தான், பயப்பட ஒண்ணுமில்ல. இங்கயே எனிமா குடுத்திரலாம்.”

“தலைவன் ஆஸ்பத்திரியில வேட்டியைத் தூக்கிக்கிட்டுப் படுக்கதா? எதிர்க்கோஷ்டி சிரிக்கும். வீட்டுலதான். நம்ம பையக குடுப்பானுவ” என்றார் அண்ணாச்சி.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, குவளையையும் ரப்பர் குழாயையும் தளவாய் கையில் கொடுத்தார். “தண்ணி கை பொறுக்கிற சூட்டுல இருக்கணும். குழாய் முனையில நல்லா எண்ணெய் தடவுங்க. அவரை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கவைங்க. குவளையைத் தூக்கிப் பிடிங்க. கட்டிலுக்கு மேல ரெண்டடி, அதுக்கு மிஞ்ச வேண்டாம். வலிச்சா உடனே நிறுத்திரணும். புரிஞ்சுதா?”

மூவரும் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்குத்தானே தலை.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை தொடங்கியது.

“யாரு கை பொறுக்கணும்னு அந்தம்மா சொல்லலியே?” என்றான் கொம்பையா.

“அவுக கையாத்தான் இருக்கும்” என்றான் மாகாளி.

“அவுக கைக்கு எங்கவே போறது? இருக்கிற கையில எது நல்ல கைன்னு பாரும்.”

இருக்கிற கையில் நல்ல கை தளவாயின் கை. கொதிக்கிற பால்சட்டியைத் துணியில்லாமல் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. தளவாய் அடுப்பில் தண்ணீரை ஏற்றினான். தளதளவென்று கொதித்தபோது விரலை விட்டுப் பார்த்தான்.

“நல்லாப் பொறுக்குதுவே. இன்னும் கொஞ்சம் எரியவிடலாம்.”

மாகாளி எண்ணெய்ப் புட்டியோடு குழாய் முனைக்குப் போனான். தெருவில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற குழாய் முனைக்குத்தான். குழாய்க்கும் தடவினான், சுற்றியிருந்த சிமெண்ட் தரைக்கும் தடவினான். குடத்தோடு வந்த பேச்சியம்மாள் அங்கிருந்து ரேஷன் கடை வாசல்வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். மாகாளி நிம்மதியாகத் திரும்பி வந்தான்.

“தடவியாச்சு. சரியா இருக்கான்னு பார்த்தும் ஆச்சு.”

அண்ணாச்சி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டிருந்தார். கொம்பையா துணி துவைக்கிற கட்டையை எடுத்துவந்தான்.

“கட்டிலுக்கு மேல ரெண்டடி. ஆளுக்கு ரெண்டா, மொத்தமே ரெண்டா?” என்று காதோடு கேட்டான்.

“மிஞ்ச வேண்டாம்னாக. மொத்தமே ரெண்டுதான்” என்றான் மாகாளி.

“கட்டிலுக்கு மேல அண்ணாச்சில்லா படுத்திருக்காக?”

“அதுக்குத்தானே ஒருக்களிச்சுப் படுக்கவைக்கச் சொன்னாக!”

கொம்பையாவுக்கு மருத்துவத்தின் ஆழம் விளங்கிவிட்டது. ஓங்கி இரண்டு போட்டான்.

“அய்யோ, வலிக்குல!”

“வலிச்சிட்டு! நிறுத்தும்வே, உடனே நிறுத்தும்!” என்று மாகாளி கத்தினான். இருவரும் அண்ணாச்சியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள்.

“படுக்க விடுங்கல!”

“முடியாது அண்ணாச்சி. வலி இருக்கிறவரைக்கும் நிக்கணும். டாக்டரம்மா உத்தரவு.”

அந்த நேரம் பார்த்துத் தளவாய், கொதிக்கும் பானையை வெறுங்கையால் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். குழாயைத் தோளில் மாலையாகப் போட்டிருந்தான்.

“என்னல, ஆவி பறக்கு?” அண்ணாச்சியின் குரல் கீச்சென்று வந்தது.

“கை பொறுக்கிற சூடுதான் அண்ணாச்சி. நானே பார்த்துட்டேன்.”

“யாரு கைல?”

“என் கைதான்.”

அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். வேட்டி மாகாளி கையில் நிற்க, அவர் மட்டும் பறந்து கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சேவகர்கள் மூவரும் வெளியே கைகட்டி நின்றார்கள். உள்ளே இடி இடித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல், பயம் ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

வெளியே வந்த அண்ணாச்சி நாலு கெட்ட வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. “எப்படியோ... நல்லாத்தாம்ல செஞ்சிருக்கீங்க” என்றார்.

அந்தப் பாராட்டை மூவராலும் தாங்க முடியவில்லை. மறுநாள், கொடையன்று காலை, பஸ் நிறுத்தத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் நின்றது. ‘அடைபட்டுக் கிடந்ததை எல்லாம் ஒரே நாளில் வெளியேற்றிய எங்கள் அண்ணாச்சிக்கு நன்றி!’ கீழே மூவரும் செல்போனைக் காதில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் பக்கத்து ஊர்க்காரர்கள் மாலையும் மனுவுமாக வந்து இறங்கினார்கள்.

“எங்க ஊர்ச் சாக்கடையும் ரொம்ப நாளா அடைச்சுக் கிடக்கு. அண்ணாச்சி ஒருதடவை வந்து அங்கேயும் வெளியேத்திக் குடுக்கணும்.”

மூவரும் ஒதுங்கிப் போய்த் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பிறகு தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான்.

“கண்டிப்பா வருவாக. ஆனா ஒரு வாரம் முன்கூட்டியே சொல்லிரணும். அண்ணாச்சிக்கு வயித்துல சேரணும்லா?”