கடைகிட்ட கேட்டீங்களா?

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பழச்சாறுக் கடை போட்டபோது பரஞ்சோதிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கோடை முழுக்க மிக்சி ஓயவில்லை. ஆனாலும் விடிந்தால் பழமண்டிக்குப் போகக் கையில் காசு இருக்காது. முன்பு போட்ட டீக்கடையும் இப்படித்தான், கூட்டம் இருக்கும்போதே மூழ்கிப்போனது.

அந்த ஊரில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பவர் சுடர்விழி. பரஞ்சோதியைவிட வயதில் மிகவும் இளையவர். அவரிடம் போய்ச் சேர்ந்தார் பரஞ்சோதி. முதல் பாடத்திலேயே சண்டை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் போட்ட முதலீட்டை, 'கடை பரஞ்சோதிக்குத் தர வேண்டியது' என்று எழுதச் சொன்னார் சுடர்விழி.

"என் கடை எனக்கே கடன்பட்டிருக்கா? அதெப்படி டீச்சர்?"

மறுநாள் மதியம் சுடர்விழி கடைக்கு வந்தார். சாத்துக்குடிச் சாறு குடித்துவிட்டுக் காசை நீட்டினார். பரஞ்சோதி பதறிப்போய்க் கையைத் தடுத்தார்.

"உங்ககிட்ட வாங்குவேனா? நான் கொடுத்ததா இருக்கட்டும்."

"பழம் யாரோடது?"

"கடையோடது."

"கடைகிட்ட கேட்டீங்களா?"

பரஞ்சோதிக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து காசெடுத்துக் கல்லாவில் போட்டார். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. வண்டிக்குப் பெட்ரோல், மகளுக்குச் செருப்பு, கூட்டாளிகளுக்கு ஓசிச் சாறு, எல்லாம் போனது இந்தக் கல்லாவிலிருந்துதானே?

அன்றே எழுத ஆரம்பித்தார். வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். தான் எடுத்ததைத் தன் பெயரிலேயே எழுதினார். பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாழைப்பழத்தை உரித்து வாயில் போட்டாலும் ஓடிப்போய் எழுதினார். கடை அடைக்கும்போது கல்லாவும் கணக்கும் ஒத்துப்போனால், பாரம் ஏற்றிய வண்டியை மலைமேல் கொண்டு நிறுத்திய சந்தோஷம்.

ஒருநாள் மைத்துனன் ராசப்பன் வந்து வழக்கம்போலக் கல்லாவைப் பார்த்துக் கைமாத்து கேட்டான். அவனிடம் இல்லையென்று சொல்லிப் பழக்கமே இல்லை பரஞ்சோதிக்கு.

"மாப்ளே, கொடுக்க எனக்கு மனசு இருக்கு. ஆனா காசு என்னுது இல்ல, கடையோடது."

யாராவது புது முதலாளி இருக்கிறாரா என்று ராசப்பன் கடைக்குள் எட்டிப் பார்த்தான். பரஞ்சோதி தன் பையிலிருந்த சில்லறையைக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் முதல் தடவையாகக் கடன் சொல்லாமல் மண்டியில் பழம் எடுத்தார். பழக்கூடையோடு நேரே சுடர்விழி வீட்டுக்குத்தான் போனார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு பரஞ்சோதியின் முகம் மெல்ல மாறியது.

"எல்லாம் கடையோடதுன்னா, நான் வீட்டுக்கு என்னத்தைக் கொண்டுபோறது? அந்தக் கடைக்கு நான் யாரு டீச்சர்?"

"விடிஞ்சதுலேருந்து அடைக்கிற வரைக்கும் அங்க வேலை பார்க்கிற ஆளு," என்றார் சுடர்விழி. "சம்பளம் கேளுங்க. கொடுக்கும்."