தணலில் போட்ட கோதுகள்

நோர்வேயின்ர வடக்குக் கரையில மீன் பதனிடுற ஒரு சின்ன ஊர். அங்க எங்கட ஆக்களுக்குள்ள துவக்கெடுத்து மான் வேட்டைக்குப் போற ஒரே பொம்பிளை சுகிர்தா. அவவோட வேட்டைக்குப் போற இராசநாயகம் அவவை விட நல்ல மூப்பு. எண்டாலும் அவதான் அவருக்குக் குரு. சுட்ட தோட்டாவின்ர பித்தளைக் கோதைப் பொறுக்கி, வீட்டில வைச்சுத் திரும்ப மருந்து நிரப்பப் பழக்கினதும் அவதான்.

அந்த முறை மனுசன் கொதிச்சுக்கொண்டு திரிஞ்சார். ஏன் கொதிக்கமாட்டார்? வேட்டைக் குழுத் தலைவன் ஆர்னே, பள்ளிக்கூட பஸ் வாற றோட்டுப் பக்கம் பார்த்து மானுக்குச் சுட்டவன். கேக்க எனக்கே பத்தி எரியுது. ஆனால் இவர் நிண்ட நிலையில அவன்ர தாயையும் இழுத்து, நாய் கேளாத பேச்செல்லாம் பேசிப்போட்டார். குழு கூடி முடிவெடுத்துது: ஞாயிற்றுக்கிழமை வந்து மன்னிப்புக் கேக்கவேணும், இல்லாட்டி விலகவேணும்.

சுகிர்தாவும் அவரை ஏசினா. உங்கட கோதுகள் சுட்டுச் சுட்டு இறுகிப்போச்சு, அடுத்த சூட்டில குண்டைப் பிடிக்கிற கழுத்து வெடிக்கும், நெருப்பில காட்டி இளக்கிக் கொண்டுவாங்கோ, அப்பிடியே நீங்களும் கொஞ்சம் இளகுங்கோ எண்டா.

சனிக்கிழமை ஒரு பெட்டி நிறையக் கோதுகளை அவவின்ர வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுகிர்தா ஒரு கோதின்ர அடியைக் குறட்டால நெரிச்சுப் பார்த்தா. தகரப் பேணி மாதிரி நசிஞ்சுது.

“என்ன செய்தனீங்கள்?”

“தணலுக்குள்ள போட்டனான். நீர்தானே இளக்கச் சொன்னனீர்.”

“கழுத்தை மட்டும். இதைப் போட்டுச் சுட்டிருந்தால் அடி பிய்ஞ்சு உங்கட கண்ணுக்குள்ள வந்திருக்கும். போன வருசம் நான் காட்டேக்க எங்க பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

சுத்தியலை எடுத்து ஒவ்வொண்டாத் தட்டையாக்கினா. ஒண்டையும் மிச்சம் விடேல்லை.

இராசநாயகத்துக்கும் ஏறிட்டுது. இறுகினாலும் பிழை, இளகினாலும் பிழை, எனக்கு விசராக்கும் எண்டார். நாளைக்குப் போய் எல்லாம் என்ர பிழை, ஆர்னே சுட்டது சரி எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கப்போறன் எண்டும் சொன்னார்.

சுகிர்தா ஒரு தட்டில தண்ணி ஊத்தித் தன்ர கோதுகளை நிமித்தி வைச்சா. அடி தண்ணிக்குள்ள, கழுத்து வெளியில. கழுத்துக்கு மட்டும் காஸ் சுவாலையைப் பிடிச்சு, நிறம் மாறினவுடன தண்ணிக்குள்ள சரிச்சுவிட்டா. பிறகு ஒண்டை எடுத்துக் குறட்டையும் அவரிட்டக் குடுத்தா.

கழுத்தை நெரிச்சார். இளகிக் குடுத்துது. அடியை நெரிச்சார். பல்லைக் கடிச்சு நெரிச்சும் அசையேல்லை.

கோதையும் குறட்டையும் திருப்பி வைச்சார். கோபம் இன்னும் இறங்கேல்லை.

“அப்ப நாளைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

“பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேளுங்கோ.”

“அவன் றோட்டுப் பக்கம் சுட்டது?”

சுகிர்தா சுவாலையை நிப்பாட்டினா.

“அது அடி. அது தண்ணிக்குள்ள நிக்கட்டும்.”