நாவல்பழக் கறை

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த வடிவம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் சீடராகச் சேர்ந்த திருமேனிநாதனுக்கு அறுபத்தொன்று. கல்லூரியில் ரசாயன லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

மடத்தை நிறுவிய பெரியவர் உட்கார்ந்த குஷன் நாற்காலி ஒன்று அங்கே உண்டு. குருபூஜையன்று அதைக் கூடத்தில் போட்டு, அவருக்குப் பிடித்த நாவல்பழத்தைத் தட்டில் குவித்து அதன்மேல் வைப்பார்கள். இந்த ஆண்டு அந்தப் பொறுப்பு திருமேனிநாதனுக்கு. சேர்ந்த எட்டு மாதத்தில் அவரை நம்பிக் கொடுத்த முதல் வேலை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்து பழக்கமில்லாதவர். நான்கு நாள் முன்பே, நாற்காலி இருந்த அறையிலேயே தட்டை வைத்துப் பார்த்தார். ஒரு பழம் உருண்டது. பிடிக்கப் போன கையே அதை மெத்தையில் நசுக்கிவிட்டது.

சந்தன நிறத் துணி. ஈரத்துணியால் ஒற்றினார்; பாதி போனது. அத்தோடு விட்டிருக்கலாம். லேப் புத்தி விடுமா? எலுமிச்சை பிழிந்தார்; கறை சிவந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைத் தாழிட்டுவிட்டு, சோடா உப்பைத் தூவினார், நீலம் பாரித்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தார், நூல் பிரிந்தது.

மூன்று நாள் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. சோறு இறங்கவில்லை. மடத்தை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். போக்கிடம் இல்லாமல் இல்லை, மகன் வீடு இருக்கிறது. ஆனால் மனைவி போனபிறகு அவர் நிம்மதியாகத் தூங்கியது இங்கேதான்.

குருபூஜைக்கு முந்தின நாள் காலையில் வடிவம்மா வந்து தட்டினார்.

"கதவைத் திறங்க ஐயா."

திறந்தார். வடிவம்மா நாற்காலியைப் பார்த்தார்.

"பழம் எவ்வளவு பெரிசு?"

திருமேனிநாதன் கட்டைவிரல் நுனியைக் காட்டினார்.

"கறை?"

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தார்.

"மீதி எங்கிருந்து வந்தது?"

"நான் தேய்ச்சதும்மா." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரியவர் நாற்காலியைப் பாழாக்கிட்டேன். என்னை அனுப்பிடுங்க."

வடிவம்மா அவர் கையிலிருந்த பிரஷை வாங்கி வாளியில் போட்டார். போனை எடுத்தார். "காதர் பாய், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

கடைவீதியில் குஷன் கடை வைத்திருப்பவர் காதர். வந்து குனிந்து துணியைத் தடவிப் பார்த்தார்.

"கறைய எடுத்திருக்கலாம். நூலு போயிருச்சு. துணி மாத்திருவோம். சாயங்காலம் தந்துருதேன்."

"பெரியவர் உட்கார்ந்த துணி பாய்," என்றார் திருமேனிநாதன்.

காதர் சிரித்தார். "இது நாலாவது துணி சாமி. நாவல்பழக் காலத்துல அவரு இதுல சும்மா உக்காந்து நான் பாத்ததில்ல."

"கறை பட்டா என்ன செய்வார்?"

"துண்டால ஒத்துவாரு. எனக்கு ஆள் விடுவாரு. அவ்வளவுதான்."

நாற்காலி ஆட்டோவில் ஏறிப் போனது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றும் கூடவே போனது. அவருக்குத் திடீரென்று பசித்தது.

"நாளைக்குத் தட்டு நீங்கதான் வைக்கிறீங்க," என்றார் வடிவம்மா. "முதல்ல வந்து சாப்பிடுங்க."

நான்கு இட்லி உள்ளே போன பிறகுதான் திருமேனிநாதன் நிமிர்ந்தார். இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால் என்ற எண்ணம் வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கணும்மா. நான் எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்? எலுமிச்சைக்கு முன்னாடியா, சோடா உப்புக்கு முன்னாடியா?"

வடிவம்மா அவர் இலையில் இன்னொரு இட்லியை வைத்தார்.

"தாழ்ப்பாள் போட்டீங்கல்ல, அந்த இடத்துல."