சீனிக் கப்பும் புங்கம் பூவும்

ஒரு குளக்கரையில் பழைய மருத மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் தேனீக்கள் கூடு கட்டி வாழ்ந்தன. அந்தக் கூட்டில் தொலைவி என்றொரு தேனீ இருந்தாள். எப்போதும் தூரமாகப் போய்த்தான் தேன் எடுப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய ஒரே தோழி சிங்காரி. சிங்காரியைப் போல ஆட அந்தக் கூட்டில் வேறு ஆள் கிடையாது.

தேனீக்களுக்கு ஆட்டம் விளையாட்டு அல்ல. பூவைக் கண்டவள் கூட்டுக்கு வந்து ஆடிக் காட்டுவாள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த ஆட்டத்தில் இருக்கும். மற்றவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு கிளம்புவார்கள். போகிற இடம் ஆபத்து என்று தெரிந்தவள், ஆடுகிறவளின் தலையில் தன் தலையால் முட்டுவாள். முட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அதுதான் கூட்டு வழக்கம்.

கோடை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புங்க மரங்கள் பூத்தன. தோழிகள் இருவரும் தினமும் ஒன்றாகப் போய், ஒரே கிளையில் அருகருகே உட்கார்ந்து தேன் குடித்தார்கள்.

ஒருநாள் திரும்பும் வழியில் சிங்காரி கத்தினாள். "அடியே தொலைவி, கீழே பாரு!"

ரோட்டோரம் புதிதாக ஒரு சர்பத் கடை முளைத்திருந்தது. பக்கத்துக் குப்பைக் கூடை நிறையப் பேப்பர் கப்புகள். ஒவ்வொன்றின் அடியிலும் சீனிப்பாகு தங்கியிருந்தது. கூடை விளிம்பில் ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாங்க தாயி, வாங்க!" என்றது ஓணான். "மலையைத் தாண்டி எதுக்கு அலையணும்? காசா பணமா? குடிங்க!"

சிங்காரி மூக்கு முட்டக் குடித்தாள். தொலைவியும் நக்கிப் பார்த்தாள். இனித்தது. ஆனால் இனிப்பைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை. பூவின் வாசனை இல்லை. குஞ்சுகளை வளர்க்கும் மகரந்தம் ஒரு பொட்டுகூட இல்லை.

"குஞ்சுகளுக்கு என்னடி கொண்டு போறது?" என்று கேட்டாள் தொலைவி.

"இதையேதான்! இதைவிடத் தித்திப்பா நீ எதைத் தரப்போறே?"

அன்று சிங்காரி ஆடிய ஆட்டம் ரொம்பச் சின்னது. கூப்பிடு தூரம்தானே! கூடே அவள் பின்னால் திரண்டது. சற்றுத் தள்ளி, தொலைவியும் புங்க மரத்துக்கு வழி சொல்லி ஆடினாள். ஆடி முடித்துத் திரும்பினால், பின்னால் ஒருத்தியும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் தனியாகப் போனாள். பக்கத்தில் இன்னொரு சிறகுச் சத்தம் இல்லாமல் அந்த மலை பெரிதாகிவிட்டது. புங்கம் பூ அதே பூதான், தேனும் அதே தேன்தான். "இந்தப் பூ நல்லாருக்கு, இங்கே வாடி" என்று சொல்ல ஆளில்லாமல், குடித்தது பாதியும் குடிக்காதது பாதியுமாகத் திரும்புவாள். கூட்டில் எல்லோரும் கப்புகளைப் பற்றியே பேசினார்கள். அவளிடம் பேச அவர்களுக்கு எதுவும் இல்லை.

குஞ்சுகள் இளைத்தன. வயிறு நிறைந்தும் உடம்பு தேறவில்லை. சாயங்காலம் கூடு திரும்புகிறவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். சீனி மயக்கத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தொலைவிக்குப் பொறுக்கவில்லை. நேராகக் குப்பைக் கூடைக்குப் பறந்தாள். கப்புகளுக்குள்ளே பாகில் சிறகு ஒட்டி அவளுடைய சகோதரிகள் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஓணான் ஒவ்வொரு கப்பாகத் தலையை நீட்டி அவர்களை விழுங்கியது.

"படுபாவி!" என்று அலறினாள் தொலைவி.

"என்னை ஏன் திட்டுறே?" என்றது ஓணான். "நான் யாரையும் பிடிக்கலை. சீனி பிடிச்சு வைக்குது. நான் எடுத்துக்கிறேன், அவ்வளவுதான்!"

அவள் கூட்டுக்கு விரைந்தாள். சிங்காரி ஆடிக்கொண்டிருந்தாள். தொலைவி பாய்ந்து அவள் தலையில் முட்டினாள்.

"நிறுத்துடி! அங்கே போறவங்க சாகிறாங்க!"

"பொறாமை!" என்று சீறினாள் சிங்காரி. "உன் பின்னால யாரும் வரலைன்னு என் ஆட்டத்தைக் கெடுக்கிறியா?"

தொலைவி மறுபடி முட்டினாள். மற்றவர்கள் அவளை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் சிங்காரி கிளம்பிப் போனாள். பொழுது சாய்ந்தது. அவள் திரும்பவில்லை.

விடிந்ததும் தொலைவி தேடிப் போனாள். சரிந்து கிடந்த ஒரு கப்பில் சிங்காரி ஒட்டிக் கிடந்தாள். ஓணான் அவளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

தொலைவி சட்டென்று அதன் முன்னால் பறந்தாள். "அண்ணே, இந்த ஒருத்தி உனக்கு எந்த மூலைக்கு? அந்தப் பெரிய கப்பைப் பாரு! அடியில ஒரு கூட்டமே கிடக்கு!"

அந்தக் கப்பில் ஒருத்தியும் இல்லை, பாகுதான் நிறைய இருந்தது. பேராசை பிடித்த ஓணான் தலைகுப்புறப் பாய்ந்தது. கப் கவிழ்ந்து, பாகு அதன் கண்ணிலும் முதுகிலும் வழிந்தது. வாசம் பிடித்துச் சிவப்பெறும்புகள் சாரை சாரையாக ஏறின.

"ஐயோ! கடிக்குதே! கண்ணு தெரியலையே!" என்று அலறியபடி ஓணான் ரோட்டைத் தாண்டி ஓடியது.

தொலைவி தோழியின் சிறகிலிருந்த சீனியை நக்கி நக்கி எடுத்தாள். ஒட்டிய சிறகு கிழிந்துதான் வந்தது. இனி சிங்காரியால் பறக்க முடியாது. இருவரும் குளக்கரை வழியே நடந்தே கூட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் சிங்காரி அழுதாள்.

"முட்டினப்பவே நான் கேட்டிருக்கணும்டி."

தொலைவி அவளை ஒட்டியே நடந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது.

கூட்டில் எஞ்சியிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சிங்காரியின் சிறகைப் பார்த்ததும் அவர்கள் அவளைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.

"நீ ஆடு," என்றாள் சிங்காரி தொலைவியிடம். "நான் பின்னால நிக்கிறேன்."

தொலைவி புங்க மரத்துக்கு வழி சொல்லி ஆடினாள். அதைப் பார்த்துக்கொண்டு, கிழிந்த சிறகோடு சிங்காரி எல்லோருக்கும் ஆடிக் காட்டினாள். அவள் ஆடியதிலேயே நீளமான ஆட்டம் அதுதான்.

அன்று மலையைத் தாண்டும்போது தொலைவியின் பின்னால் பல சிறகுகள் ஒலித்தன. புங்கங்கிளையில் ஒருத்தி அவள் பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தாள்.

"அது சிங்காரியோட இடம்," என்றாள் தொலைவி. "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா."

நாக்குக்கு மட்டும் இனிப்பதில் மயங்காமல், உடம்பையும் வளர்க்கும் இனிப்பைத் தேடிப் போகிறவர்களே நன்றாக வாழ்வார்கள்.