மன்னரின் கன்னமும் சேவல் முட்டையும்

கருங்குன்றத்தை ஆண்ட சேந்தமாற மன்னருக்கு ஒரு காலையில் பெருந்துயரம் வந்தது. கண்ணாடி பார்த்தார். இரண்டு கன்னத்திலும் பள்ளம்.

அரசர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். குடியானவன் கன்னத்தில் பள்ளம் விழுந்தால் அது அவன் தலைவிதி. தங்கள் கன்னத்தில் விழுந்தால் அது நாட்டுக்கே வந்த ஆபத்து.

தலைமை அமைச்சர் விழுப்பரையர் கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு வைத்தியனைக் கொண்டுவந்தார். கத்தியும் வேண்டாம், கட்டும் வேண்டாம் என்றான் அவன். அவனிடம் நுங்கு போல ஒரு பசை இருந்தது. துளையுள்ள மெல்லிய ஊசியால் அதைத் தோலுக்கு அடியில் ஏற்றினான். கன்னம் எழுந்தது. நெற்றிச் சுருக்கம் மறைந்தது. மோவாய்க்கு ஒரு கூர்மை வந்தது.

"தோளையும் கெண்டைக்காலையும் அடுத்த மாதம் எடுப்பாக்கிவிடலாம்," என்றான். "ஒரே ஒரு பத்தியம். பசை இறுகும்வரை சிரிக்கக் கூடாது, முறைக்கக் கூடாது. நகர்ந்துவிடும்."

ஊருக்கு வேறு கதை சொல்லப்பட்டது. குலதெய்வம் கனவில் வந்து மன்னரின் முகத்தைத் தடவிக் கொடுத்ததாம். ஊசியைப் பற்றி வாய் திறப்பவனின் நாக்கை அறுப்பதாக மன்னரே ஆணையிட்டார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கு மண்டபத்தில் அரசர் பேச மாட்டார். முகம் மலர்ந்தால் விடுதலை. புருவம் நெரிந்தால் தண்டனை. அந்த முகத்தைப் பார்த்து அமைச்சர் தீர்ப்பை உரக்கச் சொல்வார்.

ஊசி போட்ட மறுநாளே காத்தாயி என்ற உழவுக்காரியையும் அவள் தெருக்காரர்களையும் மண்டபத்துக்கு இழுத்து வந்தார்கள். அமைச்சரின் தோட்டத்தில் குளம் வெட்ட வர மறுத்தவர்கள். குற்றம் உறுதியானால் அவர்களை எல்லைக்கு அப்பால் துரத்திவிடுவார்கள். அவர்கள் நிலம் அமைச்சரிடம் போகும்.

தூணருகே அரண்மனை விகடகவி சாத்தன் நின்றிருந்தான். காத்தாயி அவனிடம் குனிந்து கேட்டாள்.

"சாத்தண்ணே, ராசா மொகம் ஏன் வேகாத கொழுக்கட்ட மாதிரி இருக்கு?"

"மெதுவாப் பேசு தாயி. தெய்வம் தடவின மொகம்."

"தடவினதுதான் தடவிச்சு, ரெண்டு பக்கமும் சமமாத் தடவியிருக்கலாம்."

வழக்கு தொடங்கியது. காத்தாயி தலை குனியவில்லை. "வெதைக்கிற நேரத்துல வெட்டி வேலைக்கு வர மாட்டோம். நாங்க வெதைக்காட்டி நீங்களும்தான் பட்டினி."

எல்லோரும் மன்னரைப் பார்த்தார்கள். முகம் அசையவில்லை.

"மன்னரின் முகம் மலரவில்லை. குற்றம் உறுதி," என்றார் விழுப்பரையர்.

"புருவமும் நெரியவில்லையே ஐயா?" என்றான் சாத்தன்.

"மலராத முகம் என்றால் தண்டனைதான். இன்று முதல் அதுவே விதி."

"நல்ல விதி. ஓலைக்காரரே, அமைச்சர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளும். அதே விதிப்படி எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. விழுப்பரையர் என் சேவலைத் திருடிவிட்டார்."

"என்ன உளறுகிறாய்?"

சாத்தன் அரியணையைக் கூர்ந்து பார்த்தான். "மலரவில்லை. குற்றம் உறுதி."

"அடே, சாட்சி எங்கே?"

"இவர்களுக்கு எந்தச் சாட்சியைக் கேட்டீர்கள்? முகம் போதுமே. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சேவல் இட்ட முட்டையையும் திருடிவிட்டார்."

மண்டபத்தில் யாரோ இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்கள். மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மலரவில்லை," என்றான் சாத்தன். "சேவலும் முட்டையிடும் என்று மன்னரே ஒப்புக்கொண்டுவிட்டார். காத்தாயி, எல்லை வரைக்கும் அமைச்சருக்குத் துணையாகப் போ. வழி தெரியாத மனிதர்."

விழுப்பரையர் பதறிக் கத்தினார். "அந்த முகம் எப்படியடா மலரும்? உள்ளே முழுக்கப் பசை! ஊசி போட்டபோது நான்தானே விளக்குப் பிடித்தேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் மன்னரின் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. பிறகு தொந்தி குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தே விட்டார். இடது கன்னம் மெல்ல நழுவித் தாடைக்கு வந்து நின்றது. அரியணைக்குப் பின்னால் நின்றிருந்த வைத்தியன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எழுதும் ஓலைக்காரரே," என்றான் சாத்தன். "முகம் மலர்ந்தது. நிற்பவர்கள் எல்லோருக்கும் விடுதலை. முட்டை திருடியவருக்கும் சேர்த்து."

"வாங்க, நெலத்து ஈரம் காயறதுக்குள்ள வெதைக்கப் போவோம்," என்று காத்தாயி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் நின்று நன்றி சொல்லவில்லை. சொல்லும்படி அவர்களுக்கு யாரும் எதையும் கொடுத்துவிடவில்லை.

மன்னர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். "சாத்தா, இவர் நாக்கை என்ன செய்யலாம்?"

"விட்டுவிடுங்கள் மகாராஜா. இன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறது."

"சரி. உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"வைத்தியனிடம் பசை மிச்சம் இருக்கிறதா?"

"இருக்கிறது. உன் கன்னத்துக்கா?"

"எனக்கெதற்கு? அமைச்சரின் நெற்றிக்கு. ஏழை எதிரே வந்து நின்றாலே அது சுருங்கிவிடுகிறது."

மன்னர் மறுபடியும் சிரித்தார். வலது கன்னமும் இறங்கியது. காத்தாயி இருந்து பார்த்திருக்க வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் சமம்.