மாடத்தி சாத்திய ஏணி

வெட்டுக்குளம் கரண்டு ஆபீசில் ஓர் இன்ஜினியர் இருந்தார். அவர் காலத்தில் ஒரு பெரிய விபத்துகூட நடந்ததில்லை, காகிதத்தில்! அடிபட்டவர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டால் அது சின்ன விபத்து. மேலிடத்துக்கு எழுத வேண்டாம். அதனால் கம்பத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த லைன்மேன் அய்யாத்துரையை, மாவுக்கட்டோடு ஆட்டோவில் வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்துத் தினமும் கையெழுத்து வாங்கினார். பெரிய விபத்து என்று எழுதினால்தான் அய்யாத்துரைக்கு லீவு. கால் வீங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் மேலதிகாரி வந்து இறங்கினார்.

"ஏ மாடத்தி, வாயத் தொறந்தே, நாளையிலருந்து நீ வரவேண்டாம்" என்று கூட்டிப் பெருக்குகிறவளை ரகசியமாக மிரட்டிவிட்டு, இன்ஜினியர் அதிகாரியிடம் குழைந்தார்: "எல்லாரும் டூட்டில இருக்காங்கய்யா!"

மாடத்தி வாய் திறக்கவில்லை. பெரிய ஏணியைத் தூக்கிவந்து அய்யாத்துரை முன்னால் சாத்தினாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் அதிகாரி.

அவள் இன்ஜினியரைப் பார்த்தாள். "பேசலாமா சார்?"

அதிகாரி திரும்பிப் பார்க்கவும் இன்ஜினியர் தலையாட்டினார்.

"டூட்டில இருக்காருல்லாய்யா. கம்பம் ஏற வேண்டாமா?"

அதிகாரி மாவுக்கட்டைப் பார்த்தார். விபத்துப் பதிவேட்டை வாங்கி, 'சின்ன' என்பதை அடித்துவிட்டுப் 'பெரிய' என்று தன் கையாலேயே எழுதினார்.

"நாளைக்கு நான் வரலாமாய்யா?" என்றாள் மாடத்தி.

"நீ வா தாயி. கால் தேறுற வரைக்கும் அய்யாத்துரைதான் வரக்கூடாது."