மதகும் ஒற்றைத் தும்மலும்

இரண்டு வாசல் வீடு. உள்ளே இருக்கும்வரை காற்று, வெளியே வந்தால் புயல். வருவதைத் தடுக்க ஆளில்லை, வந்ததைப் பிடிக்க வலையில்லை. அது என்ன? விடை தெரிந்தவர்கள் மூக்கைத் தொட்டுக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னே வெண்ணாவல் நாட்டை வேங்கைமாறன் என்றொரு மன்னர் ஆண்டார். புலிக்கு அஞ்சாதவர், தும்மலுக்கு அஞ்சுவார். இரட்டைத் தும்மல் நல்ல சகுனம். ஒற்றைத் தும்மல் கேட்டாலோ எடுத்த காலைக் கீழே வைக்க மாட்டார். சின்ன வயதில் ஒற்றைத் தும்மல் கேட்ட அன்று குதிரையிலிருந்து விழுந்தாராம். தும்மல் கேட்காமலே விழுந்த நாட்கள் அவர் நினைவில் இல்லை.

அந்த ஐப்பசியில் பேரேரி தளும்பியது. பொழுது சாய்வதற்குள் மதகைத் திறக்காவிட்டால் கரை உடையும்; கீழே நூறு வீடுள்ள தாழையூர் மூழ்கும். தாழையூர்க்காரர்கள் நனைந்த துணியோடு சபை வாசலில் நின்றார்கள். திறக்க மன்னரின் முத்திரை வேண்டும்.

மன்னர் முத்திரையை எடுத்தார். ஒரு தும்மல். வைத்துவிட்டார். ஒரு நாழிகை பொறுத்து மறுபடி எடுத்தார். மறுபடியும் ஒரே ஒரு தும்மல். இரண்டும் சபைப் பெரியவர் திருமேனியாரின் மூக்கிலிருந்து வந்தவை. அமைச்சர் ஆவுடையார் அந்த மதகைக் கட்டிப் பேர் வாங்கிய நாள்முதல் திருமேனியாருக்கு வயிற்றெரிச்சல்.

ஆவுடையார் எழுந்துபோய்த் திருமேனியாரின் அங்கவஸ்திர முனையை விரித்துக் காட்டினார். முடிச்சுக்குள் மிளகுப்பொடி இருந்தது.

மன்னர் யோசித்தார். "மிளகு அவரைத் தும்ம வைத்தது, சரி. மிளகை முடிந்துகொண்டு வரும்படி அவரைச் செய்தது யார்? விதிதானே? சகுனம் சகுனம்தான், அமைச்சரே."

ஆவுடையார் அதில் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சிப் பலமாகத் தும்மினார். "கடைசித் தும்மலோடு சேர்த்து இப்போது இரட்டை, அரசே."

"இரண்டு மூக்கு, இரண்டு ஒற்றை," என்றார் திருமேனியார். "கெடுதலும் இரண்டு மடங்கு."

மன்னருக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. குழம்பிப்போய்ச் சோதிடரைப் பார்த்தார். சோதிடர் வாயைத் திறந்த நேரத்தில் ஆவுடையார் அந்த அங்கவஸ்திரத்தை ஓர் உதறு உதறினார்.

சோதிடர் தும்மினார். சேனாதிபதி தும்மினார். சாமரம் வீசிய பெண்கள் மாறி மாறித் தும்மினார்கள். மன்னரும் தும்மினார். தம்முடையதைச் சேர்ப்பதா, விடுவதா? விரல்விட்டு எண்ணினார், விரல்கள் போதவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சிம்மாசனத்தின் படியில் ஏழு வயது இளவரசி அல்லி பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளையாடக் கொண்டுவந்த மஞ்சாடி விதைகளில், தும்மலுக்கு ஒன்றாக எடுத்து மடியில் போட்டிருந்தாள்.

மன்னருக்கு உயிர் வந்தது. "நீதான் எண்ணியிருக்கிறாய். சொல்லம்மா, ஒற்றையா இரட்டையா?"

அல்லி மடியைப் பார்த்தாள். வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"இரட்டை, அப்பா."

முத்திரை விழுந்தது. மதகு திறந்தது. தாழையூரில் அன்றைக்கும் அடுப்பு எரிந்தது.

ஆவுடையாருக்கு மன்னர் முத்துமாலை பரிசளித்தார். திருமேனியாருக்கும் ஒரு பதவி கிடைத்தது: சபையில் யார் ஒற்றையாகத் தும்மினாலும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று இரண்டாவது தும்மலைப் போடவேண்டும். ஒற்றைத் தும்மல் கெட்டது என்பதில் மட்டும் மன்னருக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை.

அன்று அல்லியின் மடியில் இருந்த விதைகள் பதினேழு. அவள் இரட்டை என்று சொன்னாள்.